பம்பைத் திருகும் முன்

பாலக்கோட்டுத் தக்காளி காத்திருக்காது. அதை ஏற்றும் லாரியும் வழியில் நிற்கக் கூடாது. சேலத்திலிருந்து ரிட்டர்ன் லோடுடன் தொப்பூர் கணவாய் ஏறும்போது பழைய வண்டி இழுக்கவில்லை என்றால், ‘டீசல் பம்பைக் கொஞ்சம் ஏற்றி வை’ என்கிறார்கள் பலர். அது தவறான வைத்தியம். பாடியை உயர்த்தி, டயரைப் பெரிதாக்கிய வண்டியில் இழுவை குறைந்தால் முதலில் புகையைப் பாருங்கள். கறுப்பாக வந்தால் டீசலுக்கு ஈடான காற்று இல்லை: ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், டர்போ ஹோஸ் கசியலாம். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. புகையே இல்லாமல் சோர்ந்தால் டீசல் ஃபில்டரையும், விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கையும் சோதியுங்கள். டயர் பெரிதானால் சக்கரத்தில் கிடைக்கும் இழுவையே குறையும். அதற்கு எஞ்சின் மீது பழி போடக் கூடாது. காற்று போதாத எஞ்சினுக்கு டீசலை மட்டும் கூட்டினால், வெப்பம் ஏறி பிஸ்டனே உருகக்கூடும். தயாரிப்பு அமைப்பை இஷ்டம்போல் மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் தடுக்கிறது. ஓட்டுநர்களே, மெக்கானிக்குகளே, செலவு குறைந்த சோதனையிலிருந்து தொடங்குங்கள். காரணம் தெரியும்வரை பம்பின் சீலைத் தொடாதீர்கள்.