இறக்கத்திலே மிச்சம் பிடிப்போர்

பெட்ரோல் விலை ஏறினால் பயணத்தைக் குறைத்துக்கொள் என்று உபதேசிக்கும் உத்தமர்கள் உண்டு. வத்தலக்குண்டிலிருந்து கோடைக்கானலுக்கு ஏறுகிறவன் எதைக் குறைப்பான்? 7000 அடி உயரத்தையா? மலைப்பூண்டும் கேரட்டும் மூட்டை மூட்டையாகக் கீழே வந்துதானே தீரவேண்டும்!

ஆகவே இறக்கத்திலே மிச்சம் பிடிக்கிறான். நியூட்ரலில் போட்டு உருட்டுகிறான். என்ஜினையே அணைத்துவிடுவோரும் உண்டு. கியரின் பிடி போனால் பாரம் முழுதும் பிரேக்கின் தலையிலே. சூடேறிய பிரேக், வளைவிலே கைவிடும். கொடுமை என்னவெனில், இன்றைய இன்ஜெக்ஷன் வண்டிகள், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துக் கியரிலே இறங்கும்போது எண்ணெய் குடிப்பதே இல்லை. நியூட்ரலில்தான் குடிக்கின்றன! காசும் மிச்சமில்லை, உயிருக்கும் உறுதியில்லை.

இந்த நிலைக்கு அவனைத் தள்ளியது யார்? 2020-ல் உலகச் சந்தையிலே கச்சா எண்ணெய் சரிந்தது. விலை குறைந்ததா? மே மாதம் மத்திய அரசு பெட்ரோலுக்கு 10 ரூபாயும், டீசலுக்கு 13 ரூபாயும் வரி ஏற்றியது! பிறகு இருமுறை குறைத்தார்கள், மெய்தான். குறைத்த பின்னும், 2022 மே மாதத்தில் டீசல் மீது நின்ற கலால் வரி லிட்டருக்கு 15 ரூபாய் 80 காசு. 2014 ஏப்ரலில் அது 3 ரூபாய் 56 காசு.

மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்தைக் கோடைமலைக்கும் நீட்டிப்பதாகத் தமிழக அரசு 2024 வரவு செலவுத் திட்டத்திலே அறிவித்தது, வரவேற்றோம். பூண்டு மூட்டை என்ன செய்யும்? அது டீசலில்தான் இறங்கவேண்டும். அந்த வரியைக் குறையுங்கள் என்கிறோம். ஓட்டுநர் தோழர்களே, நீங்கள் கியரிலேயே இறங்குங்கள்.