குறையே இல்லாத ஊரில் ஒரு குறை!



ஒரு ஊர் இருக்கிறது. அங்கே பசி இல்லை, சண்டை இல்லை, திருட்டு இல்லை. யாரும் யாரையும் திட்டுவதில்லை. உடம்பு வலித்தால் மாத்திரை; அடுத்த நிமிடமே வலி பறந்துவிடும். மலைகள்கூடக் கிடையாது. வண்டி போக இடைஞ்சல் என்று எல்லாவற்றையும் சமதரை ஆக்கிவிட்டார்கள். ஒன்பது வயதானால் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் சைக்கிள்! பன்னிரண்டு வயதானால் என்ன வேலை என்பதையும் சொல்லிவிடுவார்கள். 'நீ மீன் பண்ணைக்கு, நீ முதியோர் இல்லத்துக்கு' என்று பெரியவர்கள் குழு முடிவு செய்துவிடும். நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ளவே வேண்டாம்.

'அடடா, அங்கே குடிபோய்விடலாமே!' என்று தோன்றுகிறதா? தோன்றினால் தப்பில்லை. அப்படித் தோன்ற வேண்டும் என்றுதான் அந்தக் கதையை எழுதியவர் அப்படித் தொடங்குகிறார்.

'தி கிவர்' என்பது அந்த நாவலின் பெயர். 'கொடுப்பவர்' என்று பொருள். லோயிஸ் லோரி என்ற அமெரிக்க எழுத்தாளர் எழுதி 1993-ல் வெளிவந்தது. சிறுவர் நூல்களுக்கு அமெரிக்காவில் தரப்படும் பெரிய விருதான நியூபெரி பதக்கம் 1994-ல் இதற்குக் கிடைத்தது. 2014-ல் சினிமாவாகவும் வந்தது. சினிமா இருக்கட்டும், புத்தகத்துக்கு வருவோம்.

கதையின் நாயகன் ஜோனஸ். உங்கள் வயதுதான். ஒருநாள் நண்பனோடு ஆப்பிளைத் தூக்கிப் போட்டுப் பிடித்து விளையாடும்போது, அந்த ஆப்பிளில் ஏதோ ஒன்று ஒரு கணம் மாறி மறைகிறது. என்ன என்று அவனுக்குப் புரியவில்லை. நமக்கும் புரியாது. பல பக்கங்கள் தாண்டித்தான் விஷயம் தெரிகிறது. அவன் கண்டது சிவப்பு! அந்த ஊரில் யாருக்கும் நிறம் என்றாலே தெரியாது. நம் பாலக்கோடு மண்டியில் தக்காளி குவிந்து கிடக்குமே, அது அத்தனையும் சாம்பல் நிறத்தில் இருப்பதாக நினைத்துப் பாருங்கள். அதைவிட வேடிக்கை, அது சாம்பல் நிறம் என்பதே வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் தெரியாது!

நிறம் மட்டுமா போயிற்று? பழைய நினைவுகளும் போய்விட்டன. பனி, மலைச்சரிவு, தாத்தா பாட்டி, போர், வலி எல்லாவற்றின் நினைவையும் ஊராரிடமிருந்து எடுத்து, ஒரே ஒரு கிழவரிடம் பாதுகாப்பாக வைத்திருக்கிறார்கள். அவருக்கு அடுத்தவனாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறான் ஜோனஸ். அவன் முதுகில் கை வைத்து, அவர் நினைவுகளை ஒவ்வொன்றாகக் கொடுக்கிறார். முதலில் கிடைப்பது, பனிமலையில் சறுக்குவண்டியில் இறங்கும் ஆனந்தம். நம் வத்தல்மலையையே பார்த்திராத ஒருவனுக்கு, திடீரென்று மலை என்றால் என்னவென்று தெரிந்தால் எப்படி இருக்கும்!

இந்த வேலைக்கு வந்ததும் ஜோனஸுக்கு ஒரு தாளில் சில விதிகளைத் தருகிறார்கள். அவற்றில் ஒன்று: யாரிடமும், எந்தக் கேள்வியையும் அவன் கேட்கலாம். நான் அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் யோசித்தேன். கேள்வி கேட்பதற்கே தனியாக ஒரு அனுமதி தேவை என்றால், அது எப்பேர்ப்பட்ட ஊர்?

அவன் கேட்ட கேள்விகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 'என் மேல் உங்களுக்கு அன்பு இருக்கிறதா?' என்று அப்பா அம்மாவிடம் கேட்கிறான். அவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. அந்தச் சொல்லே வழக்கொழிந்து போயிற்றாம்! அவர்கள் கெட்டவர்கள் இல்லை, பிள்ளைகளே. சாந்தமானவர்கள், நல்லவர்கள். அதுதான் இந்தக் கதையில் என்னை அதிகம் உலுக்கியது. முடிவைச் சொல்ல மாட்டேன், நீங்களே படியுங்கள். எட்டு, ஒன்பது வயதுக்காரர்கள் கொஞ்சம் பொறுங்கள். பின்பகுதியில் மனதைக் கலங்கடிக்கும் இடம் ஒன்று உண்டு. பன்னிரண்டு வயதுக்குப் பிறகு படிக்கலாம்.

"பிள்ளைகளுக்கு எதற்கு இந்த மாதிரி கதை?" என்று கேட்கும் பெரியவர்களும் உண்டு. அமெரிக்காவிலேயே சில பெற்றோர், இந்த நூலைப் பள்ளியிலிருந்து எடுத்துவிடச் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பேய்க்கதை படித்தால் இரவில் பயம் வரும், காலையில் போய்விடும். இந்தக் கதை வேறு மாதிரி. காலையில் பள்ளிக்குப் போகும் வழியில், 'இதை எனக்காக யார் முடிவு செய்தார்கள்?' என்று யோசிக்க வைக்கும்.

லோரி அம்மாள் பதினொரு வயதில் ஜப்பானின் டோக்கியோ நகரில் வாழ்ந்தார். அப்பா ராணுவத்தில் பல் மருத்துவர். அமெரிக்கக் குடும்பங்களுக்கென்று வேலி போட்டுத் தனிக் குடியிருப்பு. உள்ளே எல்லாம் அமெரிக்கா மாதிரியே இருக்குமாம். சிறுமி லோரி சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலிக்கு வெளியே நழுவி, ஷிபுயா கடைவீதியின் சத்தத்தையும் வாசனையையும் வெளிச்சத்தையும் பார்த்துவிட்டு வருவார். பின்னாளில் விருது வாங்கிய மேடையில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார்.

சரி, இப்படி ஓர் ஊர் நிஜத்தில் உண்டா? முழுசாக இல்லை. ஆனால் அதன் துண்டு துணுக்குகள் உண்டு. நம் நாட்டிலேயே 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை நெருக்கடி நிலை இருந்தது. ரயில்கள் நேரத்துக்கு ஓடுகின்றன என்று பெருமையாகப் பேசப்பட்டது. பத்திரிகைகளுக்கோ தணிக்கை. அந்தக் காலத்தை வீட்டில் உள்ள தாத்தா பாட்டியிடம் கேளுங்கள், நிறையச் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது நமக்கு இன்னும் பக்கத்தில் உள்ள விஷயம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பக்கம் தங்கிப் படிக்கும் தனியார் பள்ளிகள் பெயர் போனவை. பிளஸ் டூ முடிவு வந்தால் மாநில முதலிடங்கள் அடிக்கடி இந்தப் பக்கம்தான் வரும். பேருந்து நிலையத்தில் பிளெக்ஸ் பேனர், நூறு சதவீதத் தேர்ச்சி, சிரித்த முகங்கள். குறையே இல்லை! ஆனால் அவற்றில் பல பள்ளிகளில் ஒரு பொருள் மட்டும் காணாமல் போயிருந்தது. பிளஸ் ஒன் புத்தகம். பிளஸ் ஒன் வகுப்பில் சேர்ந்த உடனே பிளஸ் டூ பாடத்தை ஆரம்பித்து, இரண்டு ஆண்டும் அதையே திரும்பத் திரும்பப் படிக்க வைத்தார்கள். ஓர் ஆண்டுப் பாடம் முழுவதும் ஜோனஸின் ஊரில் நிறம் மறைந்தது போலச் சத்தமில்லாமல் மறைந்தது. யாரும் தேடவில்லை. மதிப்பெண்தான் வந்துவிட்டதே!

கல்லூரிக்குப் போன பிறகுதான் கணக்குத் தெரிந்தது. வெக்டார், நியூட்டன் விதிகள், நுண்கணிதத்தின் முதல் படி எல்லாம் பிளஸ் ஒன்னில் இருப்பவை. பொறியியல் முதலாண்டில் பல பிள்ளைகள் திணறினார்கள். நுழைவுத் தேர்வுகளிலும் பிளஸ் ஒன் பாடத்திலிருந்து கேள்விகள் வரும்.

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒரு பையன், வெட்டுக்கிளி, பொறிவண்டு என்று தீப்பெட்டி நிறையப் பிடித்துக்கொண்டு வந்து, கேள்வி கேட்டே என்னைத் துளைப்பான். பிறகு அப்படி ஓர் உறைவிடப் பள்ளியில் சேர்ந்தான். விடுமுறையில் வந்தவனிடம், "மேலே என்னப்பா படிக்கப் போறே?" என்றேன். "ஸ்கூல்ல சொல்லுவாங்க சார்" என்றான். வேறொன்றும் பேசவில்லை.

அவன் பெற்றோர் பெங்களூரில் கட்டட வேலை பார்த்து, கடன் வாங்கித்தான் பணம் கட்டினார்கள். 'நாங்கள் பட்ட கஷ்டம் பிள்ளை படக்கூடாது' என்ற எண்ணம்தான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. விடுதியில் நேரத்துக்கு எழுவதும் படிப்பதும் நல்ல பழக்கம்தான். நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்த்த எனக்கு ஒழுங்கின் அருமை தெரியாதா என்ன! ஆனால் காரணம் கேட்கக் கூடாத ஒழுங்கில் எது காணாமல் போனாலும் வெளியே தெரியாது.

அரசு 2017-ல் இரண்டு காரியங்கள் செய்தது. பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்தியது. 2017-18 கல்வியாண்டு முதல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தது. தேர்வு வந்ததும் புத்தகமும் திரும்பி வந்தது! 2018-ல் புதிய பாடத்திட்டமும் வந்து, கனமான புதுப் புத்தகங்கள் கிடைத்தன. ஆனால் மாணவர்களுக்குச் சுமை என்ற காரணத்தால், 2025-26 கல்வியாண்டில் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு கைவிடப்பட்டது. சுமை குறைந்தது நல்லதுதான். அந்தப் புத்தகம் மறுபடியும் காணாமல் போகுமோ என்பதுதான் என் கவலை. இப்போது எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் உங்களையும் அது பாதிக்கும்.

ஆகவே ஒரு வேலை தருகிறேன். பத்தாம் வகுப்பு முடித்து, அப்பா அம்மாவோடு எந்தப் பள்ளிக்குச் சேர்க்கைக்குப் போனாலும், விடுதியையும் சாப்பாட்டையும் பார்த்துவிட்டு, பணிவாக எழுந்து நின்று கேளுங்கள்: "ஐயா, இங்கே பிளஸ் ஒன் பாடங்களை எந்த மாதம் தொடங்கி, எந்த மாதம் முடிப்பீர்கள்?" பதில் என்ன வருகிறது என்பதோடு, கேள்வியைக் கேட்டதும் அவர் முகம் எப்படி மாறுகிறது என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.