தூண் வாங்குகிறவர்களுக்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய பர்மாத் தேக்குத் தூணைப் புது வீட்டில் நிறுத்திப் படம் போட்டு, பாரம்பரியத்தைக் காப்பாற்றிவிட்டதாக எழுதுகிறார்கள். என்னிடம் படித்தவர்கள் சிலரும்தான். காப்பாற்றவில்லையப்பா! அந்தத் தூண் தானாக நடந்து கடைக்கு வரவில்லை. யாரோ ஒருவர் வீட்டு வளவைப் பிரித்துத்தான் வந்தது.

செட்டிநாட்டு வீட்டில் முகப்பிலிருந்து அடுப்படி வரை வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் ஓட்டுக்கூரையைத் தாங்கும் தூண்கள். நாலு தூணை உருவினால் கூரை இறங்கிவிடும்.

பங்காளிகளை மட்டும் திட்டாதீர்கள். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோதே வீட்டைப் பராமரித்த வருமானம் போயிற்று. இன்று ஒரே வீட்டுக்கு எத்தனையோ பங்கு; ஓடு மாற்ற யார் பணம் போடுவது? தேக்குக்கு விலை கேட்டு ஆள் வந்து நிற்பதால்தான் இடிப்பது லாபமாகிறது.

2014இலேயே யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இந்த ஊர்கள் ஏறிவிட்டன. பட்டியலா வந்து ஒழுகலை அடைக்கும்? பழுது பார்க்க அரசு மானியம் கொடுக்கட்டும். நீங்கள் தூண் வாங்குவதை நிறுத்துங்கள். ஆசையாக இருந்தால் ஆத்தங்குடிக் கல் வாங்கித் தரையில் பதியுங்கள். இன்றும் கையாலேயே செய்கிறார்கள். அதற்காக யார் வீட்டையும் இடிக்க வேண்டியதில்லை.