சும்மா கொடுப்பது வேறு, பொதுவில் வைப்பது வேறு

உழவர் பத்திரிகையில கம்ப்யூட்டர் கதை எதுக்குன்னு சிலர் கேட்பீங்க. விதைக் கம்பெனிகளோடு மல்லுக்கட்டி வரும் நமக்கு இது ரொம்பப் பழக்கமான கதை. அதனால்தான் எழுதுகிறேன்.

மென்பொருளுக்கும் விதை உண்டு. அதற்கு மூலநிரல் என்று பெயர். அது கையில் இருந்தால் தெரிந்தவர் யாரும் அந்த மென்பொருளைத் திருத்தலாம், பெருக்கலாம். கம்பெனிகள் அதைப் பூட்டி வைத்ததை எதிர்த்துக் கிளம்பியவர் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன். அவர் எழுதிய ஜி.பி.எல். என்ற உரிமம் 1989-இல் வந்தது. எடுத்துக்கொள், திருத்திக்கொள், திருத்தியதை அடுத்தவருக்குக் கொடுக்கும்போது மூலநிரலையும் இதே உரிமையோடு கொடு என்பதே அதன் சாரம். நம்ம நெல் ஜெயராமன் அய்யா 2 கிலோ விதை கொடுத்து, அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பிக் கேட்டாரே, அதே கணக்குதான்.

எல்லா மென்பொருளும் இப்படி நிபந்தனையோடு வருவதில்லை. "எழுதினவன் பேரை அழிச்சிடாதே, மத்தபடி உன் இஷ்டம்" என்கிற மாதிரியான உரிமங்களும் உண்டு. ரெடிஸ் அப்படி வந்ததுதான். இணையதளங்கள் தகவலைச் சட்டென்று எடுத்துக் கொடுக்க உதவும் மென்பொருள் அது. இத்தாலியைச் சேர்ந்த சால்வத்தோரே சான்பிலிப்போ 2009-இல் வெளியிட்டார். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து வளர்த்தார்கள். அமேசான் போன்ற பெரிய கம்பெனிகள் அதைத் தங்கள் கணினிகளில் ஓட்டி வாடகைக்கு விட்டன. விதையைத் தராமல் அரிசியை மட்டும் விற்கிற மாதிரி.

ரெடிஸ் பெயரை வைத்திருந்த கம்பெனிக்குக் கோபம் வந்தது. நாங்க வளர்க்கிறோம், காசு அவங்க பார்க்கிறாங்க என்றது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் 2024 மார்ச்சில் அது செய்த காரியம் என்ன? இனி வரும் பதிப்புகளைச் சேவையாக விற்க நினைப்பவர்கள் எங்களிடம் ஒப்பந்தம் போட வேண்டும் என்று உரிமத்தையே மாற்றிவிட்டது. ஊர் கூடி வளர்த்த தோப்புக்கு ஒருத்தர் கேட் போட்ட கதை. அந்தத் தோப்பில் தண்ணி ஊத்தினவங்களுக்கு எப்படி இருக்கும்?

அவர்கள் சும்மா இருக்கவில்லை. திறந்திருந்த கடைசிப் பதிப்பை எடுத்து, சில நாட்களிலேயே லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வால்கீ என்ற பெயரில் தொடர்ந்தார்கள். 2025 மே மாதம் ரெடிஸ் கம்பெனியும் இறங்கி வந்து, ஏ.ஜி.பி.எல். என்ற திறந்த உரிமத்தையும் சேர்த்தது. மென்பொருளைத் திருத்தி இணையம் வழியே சேவையாகக் கொடுத்தாலும் மூலநிரலைக் கொடுத்தாக வேண்டும் என்பது அந்த உரிமம்.

வால்கீக்குத் துணை நின்றது யார் தெரியுமா? அதே அமேசான், கூகுள்! அதனால் சின்னக் கம்பெனி கெட்டது, பெரிய கம்பெனி நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. கம்பெனி லாபத்தின் பக்கம்தான் நிற்கும். அதன் நல்ல மனசை நம்பிப் பொதுச்சொத்தை விட முடியாது. ஒருமுறை திறந்து கொடுத்ததைத் திரும்பப் பூட்ட முடியாது என்ற உரிமமும், எடுத்து வளர்க்கத் தெரிந்த ஆட்களும் இருந்ததால்தான் அது பிழைத்தது.

அமெரிக்கப் பயிர் வல்லுநர்கள் சிலர் இந்த மென்பொருள் இயக்கத்தைப் பார்த்துத்தான் 2012-இல் திறந்தமூல விதை முன்முயற்சியைத் தொடங்கினார்கள். இந்த விதையையோ இதிலிருந்து வரும் விதையையோ காப்புரிமை போட்டு அடுத்தவரைத் தடுக்க மாட்டேன் என்பது அவர்கள் உறுதிமொழி. கோர்ட்டில் அது எவ்வளவு நிற்கும் என்பது வேறு விஷயம். விதை போகும் இடமெல்லாம் அந்த வார்த்தையும் கூடவே போகிறது.

நாமும் விதைத் திருவிழாக்களில் கைநிறையக் கொடுக்கிறோம். கொடுப்போம், அது நம் பண்பு. ஆனால் ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் இரண்டு வரி எழுதுவோம்: பெருக்கு, பகிர்ந்து கொடு. தனி உரிமை கொண்டாடாதே.