ஆர்கன்ஸா நதியின் பூர்வோத்தரம்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், லெட்வில் நகரத்துக்கு அருகே உள்ள பனிமலைகளில் உற்பத்தியாகி, 2,300 கிலோமீட்டருக்கு மேல் ஓடி மிசிசிப்பியில் கலக்கும் ஆர்கன்ஸா நதியின் மேற்பள்ளத்தாக்கில் ப்ரவுன்ஸ் கான்யன் என்றொரு கருங்கல் இடுக்கு இருக்கிறது. பனி உருகிப் பிரவாகம் பெருகும் மே, ஜூன் மாதங்களில் ரப்பர் மிதவைகளில் ஏறி, ஸூம் ஃப்ளூம், விடோமேக்கர் என்று படகோட்டிகள் பெயரிட்டிருக்கும் சுழிப்புகளில் தூக்கியெறியப்பட்டு, நனைந்து, கூவிக் களித்துத் திரும்புகிற ஜனங்களுக்குக் கணக்கில்லை. அந்த ஆனந்தத்தில் எனக்கு எவ்விதக் குறையும் தோன்றவில்லை. ஆயினும், அந்த நதி அவ்விடத்தில் ஓடுவதற்குக் காரணமான அக்கினியின் சரித்திரத்தை அறிந்துகொண்டு ஏறுகிறவனுக்கு ஆனந்தம் இரட்டிப்பாகும் என்று உறுதியாக நம்புகிறேன்.

சுமார் 3 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, இன்று பள்ளத்தாக்கின் மேற்கே நிற்கும் சவாட்ச் மலைத்தொடரின் பக்கத்தில் ஓர் எரிமலை வெடித்தது. அதினின்று புறப்பட்ட சாம்பலும் அனல்வாயுவும் கலந்த மேகம் தரையோடு தரையாகக் கிழக்கு நோக்கிப் பாய்ந்து, சுமார் 150 கிலோமீட்டருக்கு அப்பால் இன்று காஸில் ராக் என்ற ஊர் இருக்கும் இடம் வரை சென்று படிந்து, தன் உஷ்ணத்தினாலேயே இறுகிப் பாறையாயிற்று. டென்வர் நகரத்து டிரினிட்டி தேவாலயம் அந்தக் கல்லால் கட்டப்பட்டதே. வெடித்த எரிமலையின் வாய் அரிக்கப்பட்டு மறைந்துவிட்டது. ஆனால் அந்தச் சாம்பற்பாறை நமக்கு ஒரு பெரிய சாட்சியம் கூறுகிறது: மேற்கிலிருந்து கிழக்கே அவ்வளவு தூரம் ஒரு மேகம் தரையை ஒட்டிச் சென்றிருக்கிறதென்றால், குறுக்கே இன்றைய ஆழ்ந்த பள்ளத்தாக்கு அப்போது இருந்திருக்க முடியாது, இருந்திருந்தால் அதிலேயே விழுந்து நிரம்பி நின்றிருக்கும். ஆகவே மலைகளைப் பிரிக்கும் இந்தப் பள்ளம் எரிமலைக்குப் பிந்தியது. பாறைகளின் வயதைக் கொண்டு பாறையே இல்லாத ஒரு வெற்றிடத்தின் வயதைக் கணிக்கும் இந்த யுக்தியை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பிற்பாடு பூமியின் மேலோடு கிழக்கும் மேற்குமாக இழுபட்டுப் பிளந்தது. நியூ மெக்ஸிகோ வரை நீளும் ரியோ கிராண்டே பிளவின் ஒரு பகுதியாக இந்த நிலம் கீழே அமிழ, இருபுறமும் மலைகள் உயர்ந்தன. அவற்றிலிருந்து இறங்கிய மணலும் கூழாங்கல்லும் எரிமலைச் சாம்பலும் பள்ளத்தை நிரப்பின. அந்த வண்டலின்மேல்தான் நதி தன் தடத்தை வகுத்துக்கொண்டது. மேற்கே தோண்டுவதற்கு எளிய வண்டல் கிடக்க, கிழக்கே 170 கோடி ஆண்டு வயதுள்ள கருங்கல்லை அது ஏன் துளைத்தது என்று கேட்கலாம். தடம் வகுத்த காலத்தில் அந்தக் கல் மண்ணுக்கடியில் மறைந்து கிடந்தது. நதி அரித்து அரித்து இறங்கிக் கல்லைத் தொட்ட பொழுது, கரைகள் உயர்ந்து வேறு வழி அடைபட்டுப் போயிருந்தது. கல்லின் வெடிப்புகளிலிருந்து பெயர்ந்து விழுந்த பாறைகளே இன்று மிதவைகளை அலைக்கழிக்கின்றன.

மிதவைகள் புறப்படும் துறைகளுள் ஒன்று ரூபி என்னும் சிறு குன்றின் அடியில் உள்ளது. அந்தக் குன்றும் எரிமலைக் குழம்பு உறைந்ததுதான். வெளிறிய சாம்பல் நிறக் கல்லொன்றைக் கையிலெடுத்துப் பார்த்தால், குழம்பு ஆறும்போது வாயு விட்டுச் சென்ற சிறு குழிகளுக்குள்ளே, கடுகளவும் மிளகளவுமாகக் கருஞ்சிவப்புக் கார்னெட் மணிகள் பட்டை தீட்டினாற்போல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு சாணைக்காரனும் தொடாத பட்டைகள் அவை, குழியில் தங்கிய ஆவியிலிருந்தே படிந்து வளர்ந்தவை.

2015இல் ஜனாதிபதி ஒபாமா இப்பிரதேசத்தில் ஏறக்குறைய 21,600 ஏக்கரைத் தேசிய நினைவுச்சின்னமாகப் பிரகடனம் செய்தார். தகுதியான காரியம். அங்கே செல்ல வாய்க்கிறவர்கள், உயிர்காப்புச் சட்டையை மாட்டிக்கொள்ளும் முன் அரைமணி நேரம் அந்தக் குன்றில் ஏறி, மேற்கே 4,327 மீட்டர் உயர்ந்த பிரின்ஸ்டன் சிகரத்தின் அடிவாரத்தைப் பார்க்கட்டும். சுண்ணாம்பு போல் வெளுத்த செங்குத்துச் சரிவுகள் தெரியும். பூமிக்குள்ளிருந்து ஊறிய வெந்நீர் பாறையின் தன்மையை மாற்றியதால் வந்த வெண்மை அது, அதன் அருகே இன்றும் வெந்நீர் ஊற்றுகள் சுரக்கின்றன.