விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு: அப்கிரேடா, ஃபார்மட்டா? எது யாருக்குச் சரி?

லேப்டாப் வழக்கம்போல ஆன் ஆகிறது, பிரவுசர் திறக்கிறது, ஆபீஸ் வேலை ஓடுகிறது. அதனாலேயே பலர் இதைக் கண்டுகொள்ளவில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. 2015 ஜூலையில் வந்த ஓஎஸ் அது. இனி புதிதாகத் தெரியவரும் ஓட்டைகள் அடைக்கப்படாமலே இருக்கும். நெட் பேங்கிங் செய்யும் கம்ப்யூட்டரில் இது சின்ன விஷயம் இல்லை.

சர்வீஸ் கடையில் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "ஃபார்மட் பண்ணி 11 போட்டுடலாம்" என்பதுதான். எல்லோருக்கும் அது தேவையா?

முதலில், உங்கள் மெஷின் தாங்குமா?

விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ், செக்யூர் பூட், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக 8-ம் தலைமுறை பிராசஸராவது இருக்க வேண்டும். ஐ5-8250யு என்றால் ஓகே, ஐ5-7200யு என்றால் இல்லை. மைக்ரோசாஃப்ட்டின் 'பிசி ஹெல்த் செக்' ஆப் இதைச் சொல்லிவிடும். டிபிஎம் இல்லை என்று வந்தால் உடனே புது லேப்டாப் விலை பார்க்க வேண்டாம். பல மெஷின்களில் அது பயாஸில் ஆஃப் ஆகித்தான் கிடக்கிறது. இன்டெலில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் இருக்கும், ஆன் செய்தால் போதும்.

அப்கிரேடா, ஃபார்மட்டா?

செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் வழியாகவே 11-க்கு மாறினால் ஃபைல்கள், சாஃப்ட்வேர்கள், செட்டிங்குகள் அப்படியே இருக்கும். பழைய விண்டோஸ் அசலானது என்றால் தனியாகக் காசும் இல்லை. பிடிக்கவில்லையா, 10 நாளுக்குள் பழையதற்கே திரும்பலாம். 'இடம் அடைக்கிறது' என்று விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டரை அழித்துவிட்டால் மட்டும் அந்த வழி போய்விடும்.

ஃபார்மட்டில் என்ன போகும் என்பது போன பிறகுதான் பலருக்குத் தெரிகிறது. போட்டோக்களை எல்லோரும் பேக்கப் எடுத்துவிடுவார்கள். ஃபான்ட் யாருக்கு ஞாபகம் வரும்? பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்த தமிழ் ஃபைல்கள், அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். டிடிபி கடைகளும் அச்சகங்களும் ஃபான்ட் ஃபோல்டரைத் தனியாகக் காப்பி எடுக்காமல் கை வைக்கவே கூடாது. டேலி இருந்தால் ஃபார்மட்டுக்கு முன்பே லைசென்ஸை சரண்டர் செய்துவிட வேண்டும். டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன், பழைய பிரின்டர் எல்லாவற்றுக்கும் டிரைவர் மறுபடி தேட வேண்டியிருக்கும்.

அப்போ ஃபார்மட் யாருக்கு? வைரஸ் புகுந்த மெஷின், ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுபவர்கள், அப்புறம் 'கிராக்' விண்டோஸில் ஓடிக்கொண்டிருப்பவர்கள். கடைசி ரகத்துக்கு இது கட்டாயம் என்றே சொல்லலாம். கிராக்கோடு என்ன சேர்ந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது, அதன் மேலேயே அப்கிரேட் செய்தால் அதுவும் கூடவே வரும். லைசென்ஸ் மட்டும் புதிதாக வாங்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: 24எச்2 வெர்ஷனைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல மெஷின்களில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகும். ரெக்கவரி கீ அந்தக் கணக்கில்தான் இருக்கும். கடைக்காரரின் ஐடியில் செட்டப் செய்ய விட்டால் கீயும் அவரிடம்தான்.

11 ஏறாத மெஷினுக்கு?

சோதனையை ஏமாற்றி 11 போடும் வழிகள் இருக்கின்றன. ஆனால், அப்படிப்பட்ட மெஷினுக்கு அப்டேட் வரும் என்று உத்தரவாதம் இல்லை என மைக்ரோசாஃப்ட்டே சொல்லிவிட்டது. அதைவிட, விண்டோஸ் 10-லேயே இருந்துகொண்டு இஎஸ்யு எனப்படும் நீட்டிப்புத் திட்டத்தில் சேரலாம். 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்குகளை சின்க் செய்தால் இலவசம், இல்லாவிட்டால் 30 டாலர் அல்லது 1,000 ரிவார்ட்ஸ் பாயின்ட். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே இதற்கான லிங்க் இருக்கும்.

பிரவுசரும் வீடியோவும் மட்டும்தான் என்றால் லினக்ஸ் மின்ட் தாராளமாகப் போதும். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், இன்ஸ்டால் செய்யும் வரை டிஸ்க்கில் எதுவும் மாறாது.