டைட்டில் கார்டுல இல்லாத பேரு

ஃபீலிக்ஸ் தி கேட் தெரியும்ல? கருப்புப் பூனை, பெரிய வெள்ளைக் கண்ணு, கையைப் பின்னாடி கட்டிக்கிட்டுத் தலையைக் குனிஞ்சு யோசிச்சுக்கிட்டே நடக்கும். பேரு தெரியலைன்னாலும் ஏதாவது ஒரு டி-ஷர்ட்லயோ ஸ்டிக்கர்லயோ பாத்திருப்பீங்க. இதை உருவாக்கினது யாருன்னு 1920-கள்ல கேட்டிருந்தா ஒரே பதில்தான்: பாட் சல்லிவன். நியூயார்க்ல ஸ்டூடியோ வச்சிருந்த ஆஸ்திரேலியாக்காரர். டைட்டில் கார்டுல அவர் பேருதான் பெருசா இருக்கும்.

வரைஞ்சவர் பேரு ஓட்டோ மெஸ்மர். அவர் அந்த ஸ்டூடியோவுல சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்.

முதல் படம் 'ஃபீலைன் ஃபாலிஸ்', 1919 நவம்பர்ல வந்துச்சு. பாரமவுண்ட் கம்பெனியோட ஸ்க்ரீன் மேகஸின்ல இடத்தை நிரப்ப ஒரு குட்டிப் படம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். அதுல பூனைக்கு ஃபீலிக்ஸ்னு பேரு கூட இல்ல, மாஸ்டர் டாம். அது காதலியைப் பார்க்கப் போன நேரத்துல எலிங்க வீட்டைச் சூறையாடிடும், ஓனர் பூனையை வெளிய துரத்திடுவார். மௌனப் படம், கருப்பு வெள்ளை. நூறு வருஷம் தாண்டியும் சிரிப்பு வருது. முடிவு மட்டும் செம டார்க், நீங்களே பாத்துக்கோங்க.

உடம்பு முழுக்க ஏன் கருப்பு? அவுட்லைன் போடுற வேலை மிச்சம்னு மெஸ்மரே சொல்லியிருக்கார். ஒவ்வொரு ஃப்ரேமையும் கையால வரையுற ஆளுக்குத்தான் அந்த ஆப்டிமைசேஷன் தோணும். பேச முடியாத பூனைங்கறதால வாலும் தலைக்கு மேல வர்ற கேள்விக்குறியும் பேசும். தேவைப்பட்டா அதையே கழட்டி ஏதாவது ஒரு கருவியா யூஸ் பண்ணிக்கும்.

(நம்ம ஈசிஈ மக்களுக்கு ஒரு செய்தி: 1928-ல ஆர்சிஏ டெலிவிஷன் சோதனை பண்ணப்போ கேமரா முன்னாடி சுத்தவிட்டது ஒரு ஃபீலிக்ஸ் பொம்மையைத்தான். வெறும் 60 கோடு பிக்சர். அந்த லைட் சூட்டுல மனுஷனால மணிக்கணக்கா நிக்க முடியாது.)

சல்லிவனை வில்லனாக்க நான் வரல. ஸ்டூடியோ நடத்தினார், படத்தை வித்தார், சம்பளம் கொடுத்தார். ஓனர் பேரு போடுறதுதான் அந்தக் காலத்து வழக்கம், டிஸ்னி படத்துலயும் அதேதான். முதல் பூனையே சல்லிவன் கைவண்ணம்தான்னு ஆஸ்திரேலியாவுல இன்னைக்கும் வாதாடுறவங்க இருக்காங்க. ஆனா அந்த வாதமே ஏன் வந்துச்சு? 1919-லயே கார்டுல இன்னொரு வரி போட்டிருந்தா சண்டைக்கே வேலை இல்ல. 'வழக்கம்'ங்கற பதில் எனக்குப் போதாது. பேரு போட ஒரு பைசா செலவு கிடையாது. போடாம விட்டதோட விலையைக் கட்டினது ஒருத்தர் மட்டும்தான். 1933-ல சல்லிவன் செத்தப்போ பூனையோட உரிமை அவரோட சொந்தக்காரங்களுக்குப் போச்சு. மெஸ்மருக்கு அதுல பங்கு இல்ல. அவர் பாட்டுக்கு ஃபீலிக்ஸ் காமிக்ஸ் வரைஞ்சுக்கிட்டே இருந்தார். 1970-கள்ல ஜான் கேன்மேக்கர்ங்கற அனிமேட்டர் அவரை வச்சு ஒரு டாக்குமென்டரியே எடுத்தார். மெஸ்மருக்கு அப்போ வயசு எண்பதைத் தாண்டியிருந்துச்சு. 1983-ல இறந்துட்டார்.

இதை ஏன் இப்போ எழுதுறேன்? ஏன்னா இது ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் சீசன். ரிப்போர்ட் அட்டையில நாலு பேரு அகர வரிசையில அழகா இருக்கும். கோடு யாரு எழுதினா, ராத்திரி ரெண்டு மணிக்கு சென்சாரை யாரு மறுபடி சால்டர் பண்ணாங்கன்னு கிட் ஹிஸ்டரிக்கும் ஹாஸ்டல் வாட்ச்மேனுக்கும்தான் தெரியும். "எல்லாரும் ஃப்ரெண்ட்ஸ்தானே மச்சி, விடு"ன்னு சொல்லுவோம். அப்படிச் சொல்றது பெரும்பாலும் வேலை செய்யாத அந்த ஒருத்தன்தான்னு கவனிச்சிருக்கீங்களா?

அதனால ஒண்ணு கேக்குறேன். பைண்டிங்குக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி ரிப்போர்ட்ல அரைப்பக்கம் ஒதுக்குங்க. யாரு எந்த மாட்யூல் செஞ்சாங்கன்னு நாலே வரி. டீம்ல எல்லாரும் படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடட்டும். கைடு தேவையில்லன்னு சொன்னா அப்பெண்டிக்ஸ்ல போடுங்க, அங்க யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க.